இறக்குமதி

வேலந்தாவளம் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் சூளை.
அந்தப் பக்கம், ஷீட் போட்ட வரிசையில்
ஜூகல் மாஜி சுருண்டு படுத்திருந்த அறை.
கேரளத்து ரஜிதா அவன் விரலில் குத்தி எடுத்த ரத்தம்
யாருடைய பதிவேட்டில் ஏறுவது என்று
இரண்டு சுகாதார ஆய்வாளர்கள் போனில் பேசிக்கொண்டிருக்க
கண்ணாடித் தகடு என் மேசையில் காய்ந்தது.

எண்ணெய் ஒரு சொட்டு. ஆயிரம் மடங்கு.
வெளிர்சிவப்பு வட்டத்துக்குள் நீல மோதிரம்,
மோதிரத்தில் ஒரு கல். சிலதில் இரண்டு.

உள்ளே போக ஒரு நிமிடம்கூட ஆகாதாம்.
கதவை உடைப்பதில்லை.
அணுவின் தோலையே உள்பக்கம் இழுத்துப்
போர்த்திக்கொண்டு போகிறது,
வீட்டுக்காரன் வேட்டியை உருவி
அவன் வீட்டிலேயே தட்டி கட்டுகிற மாதிரி.

சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது.
கூப்பாடு போட வாயில்லை.
இதைவிடத் தோதான வீடு எங்கே கிடைக்கும்?

தின்பது அந்த வீட்டின் சிவப்பை.
மிஞ்சுகிற இரும்புச்சத்து விஷம், தின்றதையே கொல்லும்.
அதனால் அதை இறுக்கி, பழுப்புப் படிகமாக்கி
மூலையில் ஒதுக்கிவைக்கிறது.
(சூளையில்கூட இத்தனை நறுவிசாக அடுக்கமாட்டார்கள்
என்று எழுதி, அடித்துவிட்டேன்.)

இந்த வகையில் வளர்ந்ததை நான் பார்த்ததே இல்லை,
பதினொரு வருஷத்தில்.
பிறை வடிவில் வருவது வேறு கணக்கு.
விரல்நுனிக்கு வருவது குஞ்சுகள் மட்டும்.
ஒரு நாள் போனதும் அணுவின் மேல் முண்டுமுண்டாக முளைக்கவைத்து
மூளையின் மயிரிழைக் குழாய்ச் சுவரைப்
பிடித்துக்கொண்டு நின்றுவிடும்.
ஓடினால் மண்ணீரல் வரும்.
விறைத்த அணுவை மண்ணீரல் விடாது.
முண்டை உடம்பு அடையாளம் கண்டுகொண்டால்
வேறு முண்டு.
அறுபது சட்டை வைத்திருக்கிறதாம்.
ஜூகலிடம் இரண்டு.

நாலு மணிக்குப் போனை வைத்தார்கள்.
உள்ளூரா வெளியூரா என்ற கட்டத்தில்
'இறக்குமதி' என்று போடச் சொன்னார்கள்.
இரண்டு மாநிலமும் ஒத்துக்கொண்ட ஒரே சொல்.
போட்டேன்.

மூன்று நாள் மாத்திரையை மேஸ்திரி வாங்கிக்கொண்டார்.
ஆள் வரலையா என்றேன்.
"முன்பணம் நாப்பதாயிரம் நிக்குது மேடம்.
பஸ் ஸ்டாண்டைக் கண்ணுல காட்டுனா
அப்புறம் யாரு தேடறது?"

நாளை மறுநாள் ராத்திரி
வீடுகள் ஒன்றாக வெடித்திருக்கும்,
மாத்திரை போய்ச் சேராவிட்டால்.

தகட்டைத் துடைக்கக் கூடாது, மறுபார்வைக்குக் கோவை போகும்.
ஓரத்தில் பென்சிலால் பெயர் எழுதினேன்.
இடம் போதவில்லை.
'ஜூகல் மா' என்று நிற்கிறது.