முறை

தொண்ணூற்றாறில் விண்ணப்பித்தவர்களை
இந்த வாரம்தான் கூப்பிடுகிறேன்.

"பெல்லியப்பா சார், உங்கள் முறை வந்துவிட்டது."
சிரிக்கிறார்.
இரண்டு முழங்காலும் மாற்றியாயிற்றாம்.
"பதினெட்டுக் குழிக்கும் லிஃப்ட் வைத்திருக்கிறீர்களா?"

அடுத்த எண்ணை மகள் எடுத்தாள்.
அப்பா இல்லை என்றாள்.
எப்போது வருவார் என்று கேட்டுத் தொலைத்தேன்.

சர்ஜாபூரில் ஒருவர், ஐம்பத்திரண்டு வயது,
பட்டியலில் இவர்தான் இளசு:
"வர இரண்டு மணி நேரம், போக இரண்டு,
நடுவில் எங்கே பந்தடிப்பது?"

சனிக்கிழமை. ஏழாவது குழியருகே
கேடி முனிரத்தினம்
தொப்பியால் முகம் மூடித் தூங்குகிறான்.
நீர்தெளிப்பான் சுற்றிவந்து
அவன் காலை நனைத்துவிட்டுப் போகிறது.

பிலேகஹள்ளியில் எங்கள் தெருவுக்குத்
தண்ணீர் லாரி முறை வியாழன்.
அன்று மட்டும் அரை மணி தாமதமாக வருவேன்.
செயலாளருக்குத் தெரியும்.