நான்காம் இரவு

மூன்று நாளாகச் சலவை இயந்திரத்துக்குப் பின்னால்
இரண்டு கண்கள் மட்டும்.

தட்டில் வைத்த மீன்துண்டு
விடிந்தால் இருக்காது.
மணல்பெட்டியில் சின்னதாய் ஒரு குழி.
அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சுவார்த்தை.

சத்தத்துக்குப் பயப்படும் என்று
துணி துவைப்பதையே நிறுத்திவிட்டான் எவுலோஹியோ.
வல்பரைசோ துறைமுகத்தில்
அழுக்குச் சட்டையோடு கிரேன் ஓட்டுகிறான்.

நான்காம் இரவு நிலம் லேசாக நடுங்கியது.
இந்த ஊருக்கு அது ஒரு தும்மல்;
யாரும் எழுந்துகொள்வதில்லை.
அலமாரிக் கோப்பைகள் மட்டும்
தமக்குள் ஏதோ முணுமுணுத்து ஓய்ந்தன.

விளக்கைப் போட்டேன்.
அவன் கழற்றிப் போட்ட பூட்ஸுக்குள்
வால்நுனி வெளியே கிடக்க
ஒரு மூச்சு
ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

காலையில் எழுப்ப மனமில்லை அவனுக்கு.
வேலைக்குக் கிளம்பினான்:
அதே சட்டை,
காலில்
என் செருப்பு.