வணிக இரகசியம்

பாலையூற்றிலிருந்து வந்திருந்தாள் மாதுமை.
தகவல் கோரும் படிவத்தில்
மூன்றே கேள்வி, நீல மையில்:

நிவாரணப் பதிவுக்கு நான் கொடுத்த விபரம்
கடன் கம்பனிக்கு எப்படிப் போனது?
என்ன விலைக்கு?
ஒப்பமிட்டவர் யார்?

விடியப்புறம் ஐந்தரைக்குக் கோல் எடுக்கிறானாம்.
மகன் படிக்கும் வகுப்பைச் சொல்கிறானாம்,
அடகில் கிடக்கும் காப்பின் எடையை,
மார்ச்சில் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த
கட்டில் இலக்கத்தை.
"எனக்கே அது மறந்து போச்சு சேர்."

பதினான்கு வேலைநாளும் கழிந்து
கொழும்பிலிருந்து பதில் வந்திருந்தது.
நான்தான் வாசித்துக் காட்டினேன்:
ஒப்பந்தம் வணிக இரகசியம்.
வெளியிட இயலாது.

"இரகசியமோ?"
இரண்டு தரம் கேட்டாள்.
மின்விசிறி கடிதத்தைத் தூக்கப் பார்த்தது;
றப்பர் முத்திரையை எடுத்து மேலே வைத்தேன்.

வெளியே கச்சேரி மதிலோரம்
புள்ளிமான் ஒன்று
யாரோ கசக்கி எறிந்த படிவத்தைத்
தின்றுகொண்டு நின்றது.
கம்பத்துக் கமரா அதையும் பார்த்தது.

படியிறங்கியவள் திரும்பி வந்தாள்.
"உங்கட பேர் என்ன, சேர்?"

கழுத்தில் தொங்கிய அட்டையை
என் கை
எனக்கு முன்னமே
கவிழ்த்துப் பிடித்திருந்தது.