மூன்றாம் குழாய்

வில்லாபுரத்தில் எங்கள் தெருவுக்கு
ஒருநாள் விட்டு ஒருநாள்
காலை ஐந்து பத்துக்குத் தண்ணீர்.
குழாய் முதலில் இருமும்,
காற்றைத் துப்பும்,
பிறகு துரு நிறத்தில் ஒரு வாய்.
திறந்துவிடுகிற கை யாருடையது என்று
யோசித்ததே இல்லை,
பனகல் சாலை லேபில்
அந்தக் கையிலேயே நரம்பு தேடும்வரை.

வீரணன், ஐம்பத்தேழு,
மாநகராட்சி, வால்வு ஆபரேட்டர்.
டாக்டர் சீட்டில் நோயின் பெயர்:
பெருந்தமனி வால்வுச் சுருக்கம்.
எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு
அவர்தான் முதலில் சிரித்தார்.
"நம்ம டிபார்ட்மெண்ட்தாம்மா."

எக்கோ படம் வாசலைக் காட்டும்.
எத்தனை குறுகல், எத்தனை வேகம்,
இதழ் மூன்றும் எப்படிச் சுண்ணாம்பு கட்டிக் கிடக்கின்றன.
உள்ளேயிருந்து தள்ளுகிறவன்
எவ்வளவு களைத்தான் என்பதை
ரத்தத்திடம்தான் கேட்க வேண்டும்.
சுவர் இழுபட இழுபட
இதயத் தசை கொஞ்சம் புரதம் கசியவிடும்.
அதற்கு வாய்க்குள் நுழையாத பெயர்;
நாங்கள் சுருக்கி 'புரோ' என்போம்.
"வீரணன் அண்ணனுக்கு புரோ போட்டாச்சா?"

முதல் தடவை சித்திரையில்.
திருவிழாக் கூட்டத்தில் பஸ் ஓடாமல்
நெல்பேட்டையிலிருந்து நடந்தே வந்தார்.
மூச்சு வாங்குதா? இல்லை.
நெஞ்சுவலி? இல்லை.
மயக்கம்? அது எதுக்கு வரப்போகுது.
நானூற்றுப் பத்து.

ஆவணியில் அறுநூற்று எண்பது.
ஊதா மூடிக் குழாயை நான் தலைகீழாக ஆட்டிக்கொண்டிருக்க
அவர் சொன்னார்:
"நம்ம ஊரு உப்புத்தண்ணிக்கு
வால்வு எல்லாம் இறுகிப் போயிரும்மா.
எது இறுகுச்சுன்னு குழி தோண்டிப் பாக்க வேணாம்.
அதுக்கு முன்னாடி வர்ற பைப்பு ரீங்காரம் போடும்.
செருப்பக் கழட்டிட்டு நின்னா
உள்ளங்கால்ல கேக்கும்."

தை பிறந்து மூன்றாவது.
கூட வந்தவர் சிக்கந்தர், அதே பிரிவு, அதே வயது,
தோளில் ஆளுயரச் சாவி, வேலையிலிருந்து அப்படியே.
அறிகுறி என்ற கட்டத்தில்
மூன்றாம் முறையாக 'இல்லை' என்று எழுதப் போனேன்.
"ஒரு வால்வுக்கு இருபத்திரண்டு சுத்தும்மா,"
என்றார் சிக்கந்தர், என்னைப் பார்க்காமல்.
"ஆறு மாசமா பதினாலுல சாவிய எங்கிட்ட குடுத்துருறான்."
"இவன் தொப்பைக்கு அது நல்லது,"
என்றார் வீரணன்.
மூவரும் சிரித்தோம்.
நான் பேனாவை மூடிவிட்டேன்.
பதினாலாவது சுற்றுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

எந்திரத்துக்குப் பதினெட்டு நிமிடம்.
ஆயிரத்து எண்ணூற்று நாற்பது.
மறுபடி ஓட்டினேன்.
ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தாறு.

வயது ஏற்றும், தெரியும்.
சிறுநீரகம் ஏற்றும்,
கிரியாட்டினினைத் தேடிப் பார்த்தேன், சுத்தம்.
ஒற்றை எண் எதையும் தீர்த்துவிடாது.
ஆனால் ஒரே ஆளின் மூன்று எண்கள்
ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கும்போது
'இல்லை, இல்லை, இல்லை' என்று
மேலே என் கையெழுத்திலேயே இருப்பது
படிக்கக் கூசியது.

"எத்தனைம்மா?"
"டாக்டர் சொல்வாங்க, அண்ணே."
உறையை ஒட்டினேன்.
எச்சில் வறண்டு இரண்டு தடவை ஒட்டினேன்.
வாங்கிக்கொண்டவர் குனிந்து கேட்டார்,
சிக்கந்தருக்குக் கேட்காத குரலில்:
"ரீங்காரம் வந்துருச்சா?"

வாசலில் யாரோ டோக்கன் எண் கூப்பிட்டார்கள்.

பிறகு அவர் வரவில்லை.
அறுவை சிகிச்சைப் பட்டியலில் பெயர் ஏறியதா,
நெஞ்சுக்குள் புது வால்வு வைத்தார்களா,
லேபுக்கு அதெல்லாம் வந்து சேராது.

மாசியில் ஒருநாள் தண்ணீர்
ஐந்து முப்பத்திரண்டுக்கு வந்தது.
குழாய் வெகுநேரம் இருமியது.
நடுவில் ஒருமுறை நின்றது,
யாரோ சாவியை விட்டுவிட்டு
இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்கிற அளவுக்கு.
பிறகு வந்தது.
இருபத்திரண்டையும் சிக்கந்தரே சுற்றியிருக்க வேண்டும்.

குடத்தை வைத்துவிட்டு
செருப்பைக் கழற்றினேன்.