பசியாறுவதற்கு முன்

விடியற்காலை ஐந்து மணி.
மிளகைவிடச் சின்ன வெள்ளை மாத்திரை,
ஒரு கிளாஸ் வெறும் தண்ணீர்.
பிறகு ஒரு மணி நேரம்
வாய்க்குள் எதுவும் போகக்கூடாது.
கீழ்வீட்டு லிம், காப்பித்தூளில் கொதிநீர் ஊற்றுகிறார்.
அந்த வாசனை ஆறாம் மாடிவரை
படியேறி வருகிறது.
மூச்சுகூட வாங்காமல்.

ஐந்து ஐம்பதுக்குத் தொழிற்சாலை பஸ்.
"பசியாறியாச்சா?" என்பாள் குமுதவல்லி.
பினாங்கில் எங்களுக்கு
வணக்கத்துக்குப் பதில் இதுதான்.
இன்னும் இல்லை என்றால் சிரிப்பாள்.
பார்த்தால்
பசியாறாதவள் மாதிரியா இருக்கிறேன்?

பாயான் லெப்பாஸில் தூசியில்லாத அறைக்குள் நுழைய
வெள்ளை அங்கி, முக்காடு, முகமூடி, காலுறை.
கண்ணைத் தவிர மிச்சமெல்லாம் ஒரே வெள்ளை.
அங்கே யாரும் குண்டில்லை.
ஆனால் அங்கியை வாங்க ஸ்டோருக்குப் போக வேண்டும்.
வேலைக்குச் சேர்ந்தபோது எம்.
பிறகு எல்.
போன தீபாவளி கழிந்து டபுள் எக்ஸ்எல்.
கக் ரொஹானா கேட்காமலே எடுத்து வைக்கிறார்,
சைஸ் எழுதிய பக்கத்தைக்
கீழே திருப்பி.
இந்த இரண்டு வருஷத்தில் என் உடம்புக்கு
யாராவது காட்டிய மரியாதை
அது ஒன்றுதான்.

"கொஞ்சம் வாயைக் கட்டு" என்றார் சற்குணன்.
கட்டினேன்.
இரவுச் சோறு நின்றது, தே தாரேக் நின்றது.
ஞாயிறுதோறும் யூத் பார்க்கில் ஆறு சுற்று.
மாதக் கடைசியில் தராசு
நானூறு கிராம் கூட்டிச் சொன்னது.
என்னையே சந்தேகித்தேன்.
தூக்கத்தில் எழுந்துபோய்த் தின்கிறேனோ என்று
பிஸ்கட் டின்னுக்குள் எண்ணி வைத்தேன்:
பதினேழு.
காலையில் எண்ணினேன்:
பதினேழு.
டின்னைக் கட்டிக்கொண்டு அழுதேன்.
அதற்குள் அவர் எழுந்துவிட்டார்,
"காலங்காத்தாலே பிஸ்கட்டா?"

கட்டிய வாய்க்குச் சற்றுக் கீழே
தொண்டையில் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது
அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது.

வண்ணத்துப்பூச்சி மாதிரி இருக்கும் என்கிறது
கிளினிக் சுவரில் ஒட்டிய படம்.
எனக்கென்னவோ அது
கேட்டைத் திறக்க மறந்து தூங்கும் ஜாகா.
வந்த லோரியெல்லாம் வளாகத்துக்குள்,
வெளியே போகவேண்டியது எதுவும் போகவில்லை.
குளிர் போனதில்லை, அலுப்பு போனதில்லை.
முடி மட்டும் போனது,
சீப்புச் சீப்பாக.

டாக்டர் யாப் ரத்தப் பரிசோதனைத் தாளைத் திருப்பிக் காட்டினார்.
ஐந்துக்குள் இருக்கவேண்டிய எண்
முப்பத்தெட்டில் நின்றது.
இரண்டு வருஷப் பழி
ஒரே வரியில்.
கும்பிடத் தோன்றியது.
"மாத்திரை போட்டால் மூன்று நாலு கிலோ இறங்கும்,
அது பெரும்பாலும் தண்ணீர்.
மீதி உங்களுடையது" என்றார்.
ஏதோ பட்டா நீட்டுவதுபோல.
பதினொரு கிலோ நிலம்,
நான் கேட்காமலே என் பேரில்.

எட்டு மாதமாக
அதில் கொஞ்சம் கொஞ்சமாக வேலை பார்க்கிறேன்.
லிப்டில் நாலாம் மாடிவரைதான் போகிறேன்.
மேலே இரண்டு மாடி
கம்பியைப் பிடித்துக்கொண்டு.
சில வாரம் இறங்குகிறது.
சில வாரம், எந்தத் தப்பும் செய்யாமலே, ஏறுகிறது.
பதினேழு பிஸ்கட் ஞாபகம் வைத்திருக்கிறேன்,
எனக்கு நானே சாட்சி சொல்ல.

இன்று பஸ்ஸில்
இரண்டு வருஷமாகக் கழற்றாத ஸ்வெட்டருக்குள்
முதுகில் ஏதோ ஊர்ந்தது.
எறும்பென்று தட்டப் போனேன்.
வேர்வை.
"ஏய், எனக்கு வேர்க்குது!"
முன்சீட்டுப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.
இந்த ஊரில் இதையெல்லாமா ஒருத்தி சத்தம்போட்டுச் சொல்வாள்?
ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் போட்டேன்.
கை தடித்துத்தான் தெரிந்தது.
தெரியட்டும்.

குமுதவல்லி நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தபடி,
"பசியாறியாச்சா?"
மணி பார்த்தேன்.
"இன்னும் ஆறு நிமிஷம்.
பாதி வை."