ஆள் உயரம்

களுவாஞ்சிகுடி ஸ்டோரில் காலை ஆறரைக்கு
என் பேருக்குப் பிரித்து வைத்தது நாற்பத்து மூன்று.
நாற்பத்திரண்டு பைக்குள் அடங்கும்:
போன் உறை, முகக் கிரீம், பிள்ளையின் பால் போத்தல்,
யாரோ மாற்றித் தரச்சொன்ன இடதுகால் செருப்பு.
நாற்பத்து மூன்றாவது சுவரில் சாய்ந்து நின்றது
என்னைவிட நாலு விரல் கூட.

மெத்தை. மண்டூருக்கு.
போனில் அதற்கு எழுதியிருந்த அளவு: சிறிய பொதி.
சிறிய பொதிக்கு அறுபது ரூபா.
போன் உறைக்கும் அறுபது.

"லொறி இல்லையா?"
"லொறி வெள்ளிக்கிழமை," என்றான் பஸ்மில்.
"அவங்களுக்கு இண்டைக்கு வேணுமாம்.
டியூப் போட்டுக் கட்டு, நான் பிடிக்கிறன்."
முழங்காலால் அமுக்கி
மூன்று சைக்கிள் டியூபை இழுத்துக் கட்டினான்.
அவனுக்கு மருதமுனை வரை ஐம்பத்தொன்று.
அதில் ஒன்று, குழந்தைகள் குளிக்கிற தொட்டி.
அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வெளியே போனான்.

கச்சான் மாதம்.
ஆத்தங்கரைப் பக்கம் திரும்பியதும்
காற்று மெத்தையைக் கண்டது.
நான் மேற்கே முறுக்க அது கிழக்கே இழுத்தது.
இரண்டாம் கியரில் கிழமாடு மாதிரி நடந்தது மோட்டார் சைக்கிள்.
பின்னால் பஸ் ஹோன் அடித்தது.
கண்ணாடியில் பஸ் இல்லை,
மட்டை மட்டும்.

குருமண்வெளித் துறையில் பாதை புறப்படப் போகிறது.
பாதை என்றால் எங்களுக்குத் தண்ணீரில் மிதக்கிற இரும்புத் தட்டு.
சாமித்தம்பி மோட்டார் சைக்கிளுக்கு ஒரு டிக்கெட் கிழித்தார்,
எனக்கு ஒன்று.
பிறகு பெட்டியை மேலும் கீழும் பார்த்தார்.
"இது ஆள் உயரம். ஆளுக்குள்ள காசு வை."
வைத்தேன். கோபம் வரவில்லை.
காலையிலிருந்து அதைச் சரியாக அளந்தது
அந்த மனுசன் ஒருவர்தான்.

நடு ஆற்றில் பெட்டி ஆடத் தொடங்க,
தயிர் விற்றுவிட்டு வெறுஞ்சட்டியோடு திரும்பிய ஒருத்தி
சட்டிகளைக் கீழே விட்டு வந்து
முதுகால் முட்டுக் கொடுத்தாள்.
"என்ன மனே இதுக்குள்ள?"
"மெத்தை."
"ஆருக்கு இந்த வாழ்வு!"
கரை வரும்வரை சாய்ந்தே நின்றாள்.

மண்டூரில் கதவு பூட்டு.
"கோயில்ல நிக்கிறம், ஒரு அரை மணித்தியாலம்."
வைத்துவிட்டுப் போனால்
பத்தொன்பதாயிரத்து எழுநூறு என் தலையில்.
ஏற்றிக்கொண்டு போனால் அறுபதும் இல்லை.
பைக்குள் நாற்பத்திரண்டு;
ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய்,
ஒவ்வொரு வாயிலும் "எங்க நிக்கிறீங்க?"

வேம்பு நிழலில் பெட்டியைக் கிடத்தினேன்.
சும்மா இருந்து பார்த்தேன்.
பிறகு சாய்ந்து.
விடிய நாலரைக்கு எழும்பிய முதுகு
என்னைக் கேட்காமல் நீண்டுவிட்டது.
மட்டைக்கு அடியில் யாருடையதோ மெத்தை
மெல்ல இறங்கி இடம் விட்டது.

கனவு ஒன்றும் வரவில்லை. வர நேரமில்லை.
பதினெட்டு நிமிடம்.
போனில் பதினாலு பேர் கூப்பிட்டிருந்தார்கள்.

நெற்றி நிறையத் திருநீறோடு வந்தாள்,
ஆறு இலக்கத்தை வாசித்தாள், காசை எண்ணித் தந்தாள்.
வாசலில் பெட்டியை நிமிர்த்திப் படமெடுத்தேன்.
படத்தில் தெளிவாக விழுந்திருந்தது
தோள், இடுப்பு, ஒரு குதிக்கால்.
"இதென்ன, பள்ளம் பள்ளமாக் கிடக்கு?"
"கச்சான் அக்கா. ஆத்தில பிடிச்சி அடிச்சிட்டு."
வேம்பைப் பார்த்தாள். என் சேர்ட்டில் ஒட்டியிருந்த
வேப்பஞ்சருகைப் பார்த்தாள்.
"கச்சானுக்குத் தோள்மூட்டும் இரிக்கும் போல,"
என்று தண்ணி எடுக்க உள்ளே போனாள்.
நிற்க நேரமில்லை.
நின்றேன்.

திரும்பும் பாதையில் சாமித்தம்பி
ஒரு ஆளுக்கு மட்டும் கிழித்துவிட்டுக் கேட்டார்,
"மற்றவர் எங்க?"
"படுத்திட்டார்," என்றேன்.