ஏழாம் படத்திலுள்ள அலைவு குறித்து

இரண்டாம் மதிப்பீட்டாளருக்கு,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது.
தெரியக் கூடாது என்பது விதி.
பதினாறு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள்.
பதினைந்துக்கு வீப்கே பதில் எழுதிவிட்டார்.
ஏழாம் படத்தில்
நான்கு நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறதே,
அது எங்கிருந்து வருகிறது, கருவியில் கோளாறா
என்ற கேள்வி மட்டும்
என் மேசைக்கு வந்தது.

கோளாறு இல்லை.
அது கெர்வின் ஹாசல்ஹோர்ஸ்ட்.

போன ஜனவரி. பிரவுன்ஷ்வைக்.
ஓக்கர் ஆற்றின் ஓரங்கள் உறைந்து கிடந்த வாரம்.
எங்களுக்கு ஒரு தடை தேவைப்பட்டது.
வரப்போகும் அலைவரிசை அவ்வளவு செல்லம்:
அலையின் நீளமே ஒரு கடுகு.
ஈரம் கண்டால் அதிலேயே கரைந்துவிடும்,
நடுவில் ஓர் ஆள் வந்து நின்றால்
சொல்லிக்கொள்ளாமல் போய்விடும்.
ஊரெல்லாம் ஆட்கள்தானே.
ஓர் ஆள் எவ்வளவு மறைப்பார் என்று
அளந்தே ஆகவேண்டும்.

முதலில் பொம்மை வாங்குவதாக இருந்தது.
உப்புநீர் நிரப்பிய பொம்மை,
விலை என் ஐந்து மாதச் சம்பளம்.
"நானும் உப்புநீர்தானே" என்றார் கெர்வின்.
பட்டறைக்காரர். கதவை அடைக்கும் தோள்.
ஆன்டெனாவின் கொம்புகளைக் கடைந்து தந்தவரும் அவரே.

நீலக் கூம்புகள் முளைத்த அந்த அறையில்
பேச்சு உதட்டைவிட்டு இறங்கியதும் செத்துவிடும்.
கம்பளிச் செருப்போடு
இரண்டு கொம்புகளுக்கு நடுவே
சொன்ன இடத்தில் நின்றார்.
இருபது நிமிடம். அசையாமல்.
அசையாமல் என்றுதான் கட்டுரையிலும் எழுதியிருக்கிறோம்.

ஆனால் மார்பு ஏறி இறங்குகிறது.
நாலைந்து கடுகளவு.
மூச்சுக்கு முந்நூறு தரம் என்பார்களே,
முந்நூறெல்லாம் எங்களுக்குப் போதாது.
அவருடைய ஒரு மூச்சுக்கு
ஒரு லட்சத்து இருபதாயிரம் கோடி அதிர்வுகள்
விலாவை உரசிக்கொண்டு போயிருக்கின்றன.
நீங்கள் பார்த்தது அந்த உரசலை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.
பதினான்காம் நிமிடத்தில்
பதினொரு நொடிக்குக் கோடு தட்டையாகக் கிடக்கிறது.
எங்கள் தரவிலேயே சுத்தமான பகுதி அதுதான்.
வீப்கே அதைப் பெரிதாக்கி
மூன்று மாநாடுகளில் காட்டினார்.
கைதட்டினார்கள்.

நேற்றுப் பட்டறைக்குப் போய்க் கேட்டேன்.
கெர்வின் எந்திரத்தை நிறுத்திவிட்டு யோசித்தார்.
"சுண்டெலி" என்றார்.

கூம்புகளுக்கு இடையிலிருந்து வந்து
அவர் வலது செருப்பின்மேல் உட்கார்ந்ததாம்.
மீசையைத் துடைத்துக்கொண்டதாம்.
பயந்துவிடப் போகிறதே என்று
இவர் மூச்சை அடக்கிக்கொண்டாராம்.
அது போனதும் விட்டாராம்.
"அப்போதே ஏன் சொல்லவில்லை?"
"சொன்னால் பொறி வைப்பீர்கள்."
ஓராண்டாக இதைப் பற்றி
யாரிடமும் மூச்சு விடவில்லை.

மறுபடி தரவைத் திறந்து பார்த்தேன்.
சுண்டெலி அதில் இல்லை.
எங்கள் கொம்புகள் மார்பு உயரத்துக்குக் கீழே பார்ப்பதில்லை.
இருப்பதெல்லாம்
ஒருவர் மூச்சை நிறுத்தியதும்
அதைத் தன் திறமை என்று எடுத்துக்கொண்ட கருவியும்தான்.

இது வரைவு.
வீப்கே இவ்வளவையும் அடித்துவிட்டு
ஒரே வரி எழுதுவார்:
"அலைவு சுவாசத்தால் நேர்ந்தது; வடிகட்டி நீக்கப்பட்டது."
சரியான பதில். உங்களுக்கு வந்து சேரப்போவதும் அதுதான்.
திருத்திய படத்தில் கோடு முழுக்கத் தட்டையாக இருக்கும்,
இருபது நிமிடமும்
கெர்வின் மூச்சே விடாதது போல.

இன்று காலை அறையைத் திறக்கப் போனேன்.
உணவு கொண்டுவரக் கூடாது என்ற பலகைக்கு நேர் கீழே
கம்பு ரொட்டித் துணுக்கு ஒன்று கிடந்தது,
தரையோடு ஒட்டி, கவனமாக வைத்த மாதிரி.
தாண்டிப் போய் விளக்கைப் போட்டேன்.